கெட்டியான ஹோஸ் பைப்

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இதைப் படியுங்கள், பசியில் படித்தால் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாம் பேசிக்கொள்வதில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. இது பேச்சில்லை, எழுத்து.

தோட்டத்துக்குப் புது ஹோஸ் பைப் வாங்கிவிட்டேன். "கெட்டியா இருந்தாத்தான் காலத்துக்கும் உழைக்கும்" என்று நீங்கள் வாங்கியது வளையவும் இல்லை, கடைசிச் செடிக்கு எட்டவும் இல்லை. நீங்கள் இழுத்த இழுப்பில் சுவரிலிருந்த குழாய்தான் கையோடு வந்தது. ப்ளம்பர் பதினொரு மணிக்கு வருவார். அது தானாக விழுந்தது என்று அவரிடம் கதைவிட வேண்டாம். போனிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

புதுசைக் கடையிலேயே மடக்கிப் பார்த்தேன், மேலே ஏறி நின்றும் பார்த்தேன். மடிப்பும் இல்லை, விரிசலும் இல்லை. "மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க" என்றார் கடைக்காரர். உண்மைதான் என்றேன்.

நீளத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, குழாய் இருந்த இடத்திலிருந்து கடைசிச் செடிவரை பிடித்து அளந்து, கையோடு கொண்டுபோனேன். பைப் கச்சிதம். கயிற்றைத்தான் கடையில் மறந்துவிட்டேன். இதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கக் கூடாது.

மழை வந்தால் துணிகளை எடுத்துவிடுங்கள்.

பி.கு.: துணிகள் உங்கள் பழைய பைப்பில்தான் காய்கின்றன. இரண்டு ஈரப் போர்வை போட்டும் தொய்யவில்லை. கெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன். நேரில் கேட்டால் சொல்ல மாட்டேன். இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.