முதல் கூப்பாட்டுக்கே எழுந்து வந்த அப்பா

பாறசாலை,
அக்டோபர் 21.

அன்புள்ள மகள் ஆர்ஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் கைகால் முழுசாக இருக்கிறோம், முழுசாக என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது. கனடாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். போனில் சொல்வதை விட்டுவிட்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது.

கல்லாற்றில் பூட்டிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து அப்பா ஒரு சின்ன டிராக்டர் வாங்கினார் இல்லையா, புல் வெட்டவும் தேங்காய் இழுக்கவும், அதைத் துடைக்கிற அக்கறையில் கால்வாசி என்னிடம் காட்டியிருந்தால் என் முட்டுவலி என்றைக்கோ போயிருக்கும். அது கொஞ்ச நாளாக மேட்டில் ஏறாமல் முக்கியது. கியர்பெட்டி ஆயில் மாற்றவேண்டும், வடிக்கிற போல்ட்டு அடியில் இருக்கிறது, பின்பக்கத்தைத் தூக்கினால்தான் கை போகும் என்றார். ஆள் வைத்துச் செய்யுங்கள் என்றேன். "நான் எதுக்கு இருக்கேன், இது என்ன ஆனையா" என்று என் வாயை அடைத்துவிட்டு, தோட்டத்து மண்ணிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய தொழுவத்தை இடித்தபோது மிஞ்சிய செம்புரை வெட்டுக்கல்லை இரண்டு பக்கமும் அடுக்கி, அதன்மேல் வண்டியை இறக்கி ஜாக்கியை உருவிவிட்டார். நம் ஊரில்தான் எதற்கும் வெட்டுக்கல் ஆயிற்றே, வீடு நிற்கிறது, மதில் நிற்கிறது, இது நிற்காதா என்று கேட்டார். ஒரு மாதமாக மழையில் கிடந்த கல், தொட்டால் விரலில் செம்மண்ணாக ஒட்டுகிறது, அதையும் சொன்னேன். "அது கல்லாக்கும், உன்ன மாதிரி கனத்தது, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார். முன்சக்கரத்துக்கு ஒரு கட்டைகூடக் கொடுக்கவில்லை.

அன்று உச்சிக்கு மழை விட்டிருந்தது, ஒரு ஓலைகூட அசையவில்லை, பக்கத்து வீட்டு நாய் நம் வாசலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றது. அப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார், முட்டுக்குக் கீழே கால் மட்டும் வெளியே. நான் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் உன்னைத்தானே சாப்பாட்டுக்குக் கூப்பிட அனுப்புவேன். "அப்பா, சோறு ஆறுது" என்று நீ தொண்டை கிழியக் கத்துவாய், மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவார். உச்சிநேரத்தில் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக்கூடாது, மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷர், முந்திப் பதில் சொல்லிவிட்டால், மனுஷரல்லாத அது மிச்ச இரண்டு கூப்பாட்டையும் கூப்பிட இன்னொரு நாள் வரும் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதைச் சாக்காக வைத்து உன்னை வெயிலில் நிறுத்துவார். அன்றைக்கு அதே கூப்பாடு கேட்டது. இப்போதைய உன் குரல் இல்லை, முன்பல் விழுந்திருந்தபோது காற்றுப்போகப் பேசுவாயே, அந்தக் குரல். வாசல்பக்கத்துத் தென்னைமரத்து மூட்டிலிருந்து, ஒரே ஒரு தடவை. "இதா வாறேன் மக்களே" என்று அப்பா உடனே பதில் சொல்லி, முழங்கையை ஊன்றி நகர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றிருக்கிறார். இடதுபக்கத்துக் கல் மாவாக உதிர்ந்தது, வண்டி சாய்ந்து அவர் நெஞ்சு கிடந்த இடத்தில் உட்கார்ந்தது. ஆயில் பிடிக்க வைத்திருந்த பேசின் தகடாகிக் கிடக்கிறது, அதைத் தூக்கி எறிய இன்னும் எனக்குக் கை வரவில்லை.

மக்களே, நானும் கேட்டேன். இதைத்தான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் சொன்னபோது காது இரைந்திருக்கும் என்று வைதேன். ஆனால் ஓடிப்போய் அவரைத் தொட்டுப்பார்த்து அழுதுவிட்டுத் திரும்பி வந்தால் மேசையில் மூன்று தட்டு இருந்தது. மூன்றாவது, பூப்போட்ட உன் சின்னத் தட்டு. அது பரணில் கிடந்தது, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். எடுத்து வைத்தது நானாகத்தான் இருக்கவேண்டும், வேறு யார் இருக்கிறார்கள், ஆனால் எடுத்த ஞாபகமே இல்லை. உடனே உனக்குப் போன் போட்டேன், தூக்கக் கலக்கத்தில் "என்னம்மா" என்றாய், சும்மாதான் என்று வைத்துவிட்டேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் பயம் கூடியது, அப்படியென்றால் கூப்பிட்டது யார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உன் அத்தை மகன் பிரபின் வந்தான், விழிஞ்ஞம் துறைமுகத்தில் வண்டி பழுது பார்க்கிறானே, அவன்தான். இரண்டு இரும்பு ஸ்டாண்டு கொண்டுவந்தான். வண்டியைப் போர்ட்டிகோ சிமெண்டுத் தரைக்குத் தள்ளி, சாவியைத் தன் பையில் போட்டு, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கியர்பெட்டியில் படாமல் அச்சுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தபிறகே மாமாவைக் கிட்டே விட்டான். மாப்பிள்ளையிடமும் சொல், வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டாம். புது ஆயில் ஊற்றியதும் பெட்டிக்குள் நிற்கிற காற்றுப் போகவேண்டும் என்று பின்சக்கரம் தூக்கினபடியே எஞ்சினை ஓட்டினான். சக்கரம் எங்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை, தென்னைமூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் உச்சிநேரம்தான்.

இப்போது தினமும் அந்த நேரத்துக்கு அங்கே போய் நிற்கிறார். சோறு ஆறுகிறது என்று நான் கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை. "இன்னும் ரெண்டு பாக்கி உண்டு பாத்தியா" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார், நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வருகிறேன். பாஸ்டரிடம் சொன்னால் விசுவாசம் போதவில்லை என்பார், போதாமல்தான் இருக்கட்டும். அன்றைக்கு அவரைக் காப்பாற்றத்தான் கூப்பிட்டது, அதற்கு நான் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். அடுத்ததும் அதற்குத்தான் கூப்பிடும் என்று யார் சொல்லமுடியும். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்றாயே, இன்னொரு தடவை கேள். வந்தால் உச்சிக்கு வந்து இறங்கு. பெட்டியைக் கேட்டிலேயே வைத்துவிட்டு, உள்ளே வராமல் தென்னைமூட்டில் நின்று மிச்ச இரண்டையும் நீ கூப்பிடவேண்டும், வேறு யாரும் கூப்பிடுவதற்கு முன்னால். தட்டைப் பரணில் ஏற்றவில்லை, கழுவி மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா செல்லபாய்