ஜமால் பாய்க்கு அச்சடித்த சீட்டுகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மழை இல்லை. மாடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு மாமரத்தில்.

கிளப் செயலாளர் ராமநாதன் போன் செய்தார். இருபதாம் தேதி ஞாயிறு பிரிட்ஜ் போட்டி. எல்லா மேஜைக்கும் ஒரே சீட்டு போகும் ஆட்டம். யாருக்கு நல்ல சீட்டு விழுந்தது என்பது பேச்சில்லை, அதே சீட்டை யார் நன்றாக ஆடினார்கள் என்பதுதான் கணக்கு. அதற்கு யாருக்கு எந்தச் சீட்டு என்று முன்கூட்டியே தாளில் எடுத்து, அதைப் பார்த்துச் சீட்டைப் பிரித்து வைக்க வேண்டும்.

"நீங்க இப்ப ஆடறதில்லீங்களே மணியண்ணா. நீங்களே அந்த சாஃப்ட்வேர்ல சீட்டுப் போட்டு பிரிண்ட் எடுத்துக் குடுத்துருங்க."

சரி என்றேன்.

ஏன் ஆடுவதில்லை என்று அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஜமால் பாய் ஏப்ரலில் தன் மரக்கடையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் பாதி, பேச்சு முழுக்க. இத்தனை வருஷம் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜோடியாக ஆடியவர். வேறு ஆளோடு ஆடத் தோன்றவில்லை. ஆடாமல் இருப்பதும் கஷ்டமாக இல்லை.

வாங்க: ஏ4 தாள். பிரிண்டர் மை. சாந்தாவுக்கு பி.பி. மாத்திரை. தண்ணீர் மோட்டாருக்கு வால்வு.

சாப்பிடும்போது சாந்தாமணி, "ஏனுங்க, பாய் ஊட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சுங்களே" என்றாள். போகலாம் என்றேன். போன முறை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எல்லாம் புரிகிறது. பேச வாயெடுத்தால் "அது... அது..." என்பது மட்டும் வருகிறது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமாக இருக்க வேண்டும். இல்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது.

ஜூலை 9, புதன்

சாஃப்ட்வேர் ஏற்றியாயிற்று. பம்ப்செட் கம்பெனி டிசைன் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு இது பெரிய வேலை இல்லை. எத்தனை ஆட்டம் வேண்டும் என்று போட்டு பட்டனை அழுத்தினால் கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. ஒரு கட்டம், அதைச் சுற்றி நாலு திசை, திசைக்குப் பதின்மூன்று சீட்டு. கீழே சின்ன எழுத்தில், யார் எதை ஆடினால் எத்தனை பிடி எடுக்கலாம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஆடவே வேண்டாம் போல.

சோதனைக்கு ஒரு தாள் எடுத்தேன். இடது ஓரம் வெட்டுப்பட்டது. மார்ஜின் மாற்றி மறுபடி.

ராமநாதன் மறுபடி போன். "அண்ணா, போன வருசம் சீட்டு ரொம்பக் கோணலா உளுந்துச்சுன்னு எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. கம்ப்யூட்டர் வேணும்னே பண்ணுதுங்கறாங்க. இந்தவாட்டி கொஞ்சம் நார்மலா பாத்துப் போடுங்க."

சொன்னேன்: கோணல் கம்ப்யூட்டரில் இல்லை, நம் கையில். நாம் அரைகுறையாகக் குலுக்குகிறோம், அதனால் சீட்டு ஏறக்குறைய சமமாகவே பிரிகிறது. அது முழுக்கக் குலுக்குகிறது. ஒருவனுக்கு ஏழு ஸ்பேடு போகும், இன்னொருவனுக்கு ஒன்றுகூட வராது. அதுதான் நார்மல்.

"இருந்தாலும்ங்ணா..."

மாற்ற வழி இருக்கிறது. ஒரு பெட்டியில் நிபந்தனை எழுதலாம். இன்ன திசைக்கு ஏஸ், ராஜா, ராணி கணக்கில் இத்தனை பாயிண்ட், இன்ன வடிவம். எழுதினால் அப்படியே கொடுக்கும். கிளப் சீட்டுக்கு எழுதப் போவதில்லை.

சோதனைத் தாளில் தெற்கு ஆளின் சீட்டைப் பார்த்தேன். இதற்கு ஜமால் பாய் ஏலத்தில் ஒரு ஹார்ட் கேட்பார் என்று தோன்றியது. நானாக நினைக்கவில்லை. அதுவாக வந்தது.

ஜூலை 10, வியாழன்

தூறல். கோட்டைமேட்டில் கார் நிறுத்த இடமில்லாமல் இரண்டு சுற்று.

கொண்டு போனது: எங்கள் இருவர் சீட்டு மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்த தாள்கள், ஆளுக்கு ஒரு கட்டு. பிடிங் பாக்ஸ் இரண்டு, ஆட்டத்துக்கு முன் ஏலம் கேட்கும் அட்டைகள்.

ஜமால் பாயின் மனைவி ரஹ்மத் கதவைத் திறந்தார். "இதென்னங்ணா பொட்டி?"

"கிளப்புல ஏலம் கேக்கறப்போ யாரும் வாயால சொல்றதில்லீங்கம்மா. குரலை வெச்சு சாடை காட்டீருவாங்கன்னு. 'ஒரு ஸ்பேடு'ன்னா அந்த அட்டையை எடுத்து மேசையில வெக்கோணும். 'பாஸ்'னா பச்சை அட்டை. அவ்வளவுதான் பேச்சு."

அவர் டீ போடப் போனார்.

ஜமால் பாய் நாற்காலியில் இருந்தார். சவரம் செய்து விட்டிருக்கிறார்கள். முதல் தாளை முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். அதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் குக்கர் கைப்பிடி மாற்றுவதை முழுவதும் பார்த்துவிட்டேன். திரும்பினால் மேஜையில் அட்டை இருந்தது. இடது கையால் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாத ஆட்டம். சரியான கேள்வி.

நான் இரண்டு கிளப், அதாவது கிளாவர், வைத்தேன். எங்களுக்குள் அதற்கு அர்த்தம்: உங்களிடம் ஹார்ட்டோ ஸ்பேடோ நாலு சீட்டு இருக்கிறதா?

அவர் இரண்டு ஸ்பேடு வைத்தார். ஸ்பேடு இருக்கிறது.

நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை.

ரஹ்மத் டீயோடு நின்று அட்டைகளைப் பார்த்தார். "என்னங்ணா சொல்றாரு?"

"ஸ்பேடு நாலு இருக்குதுங்கறாரு."

"அப்படீங்களா" என்றார். வேறு ஏதோ எதிர்பார்த்தார் போல.

திரும்பும்போது வால்வு வாங்கினேன். வீட்டில் மூன்று தோசை. சாந்தா விசாரித்தாள். நன்றாக இருக்கிறார் என்றேன்.

அவரிடம் சொல்லாதது: நிபந்தனை எழுதித்தான் அச்சடித்தேன். அவர் கைக்கு எப்போதும் பதினைந்திலிருந்து பதினேழு பாயிண்ட், நாலு இனமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்த வடிவம். எதைக் கொடுத்தாலும் ஒரு நோ டிரம்ப்தான் சரியான கேள்வி. தப்பு வராது.

ஜூலை 12, சனி

மறுபடி கோட்டைமேடு. புதுத் தாள்கள், அதே நிபந்தனை.

நன்றாகப் போனது. நாலைந்து தாள். அப்புறம் நிறுத்திவிட்டார். முடிந்த தாள்களை இழுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஒரு தாள் கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொன்றிலும் ராஜா, ராணி, ஏஸ் என்று தொட்டுக்கொண்டே போனார். கடைசித் தாள் வரைக்கும். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த தாள். அவர் ஒரு நோ டிரம்ப் வைத்தார். நான் மூன்று நோ டிரம்ப். அவர் பெட்டியைத் துழாவிச் சிவப்பு அட்டையை எடுத்தார். டபுள். எதிராளி கேட்டதை 'உன்னால் முடியாது, பார்க்கலாம்' என்று மறுக்க வைப்பது அது. தன் ஜோடி கேட்டதன்மேல் வைக்கக்கூடாது, சட்டத்திலேயே இல்லை. என் அட்டையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு இப்போது என்னைப் பார்த்தார்.

நான் சீட்டில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ரஹ்மத் வாசற்படியிலிருந்து, "என்னங்ணா, கோவமா இருக்காரா?"

"ஆமாங்கம்மா. எம்மேல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நல்ல சீட்டா பாத்துக் குடுத்துட்டேன்."

தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உக்கடம் சிக்னலில் நிற்கும்போது காதுமடல் சூடாக இருந்தது. வீடு வரும்வரை அப்படியே.

ஜூலை 14, திங்கள்

நிபந்தனைப் பெட்டியை அழித்துவிட்டேன். வந்தது வந்தபடி அச்சடித்தேன். பார்க்கவில்லை.

முதல் தாள். அவர் கையில் ஒரே ஒரு ராணி. பச்சை அட்டை, பாஸ். என் கையில் எட்டு பாயிண்ட். பாஸ். ஆட்டமே இல்லை. தாளை ஓரம் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். வாயின் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறியது.

பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். கிளப் வைக்க வேண்டிய இடத்தில் ஸ்பேடு அட்டையை வைத்தார். இரண்டும் கறுப்பு. வைத்தபின் பார்த்தார். தப்பு என்று தெரிகிறது. கை மட்டும் வேறொன்றை எடுக்கிறது. இன்னொரு தாளில் மறுபடி அதே. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சமாதானம் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு நாலு பிடி குறைவு என்று எழுதினேன், கிளப்பில் எழுதுவதுபோல.

கிளம்பும்போது என் ஃபைலைப் பிடித்து இழுத்தார். உள்ளே போட்டி அறிவிப்பு. அதை மேஜையில் வைத்து விரலால் தட்டினார். தன்னைத் தொட்டார். என்னைத் தொட்டார். மறுபடி தட்டினார்.

ரஹ்மத் வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார். "வேண்டாங்ணா. இங்க தப்பா வெச்சா நீங்களும் நானுந்தான் பாக்கறோம். அங்க நாலு பேரு முன்னால வெச்சாருன்னா, அதுக்கப்புறம் அந்தச் சேரை உட்டு எந்திரிக்கவே மாட்டாரு."

அவர் சொல்வது சரி. பாய் கேட்பதும் சரி. எது என்று தெரியாமல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

ஜூலை 16, புதன்

கிளப்புக்குப் போய் ராமநாதனைப் பார்த்தேன்.

"பேச முடியாதவரு எப்படிங்ணா ஆடுவாரு?"

"ஆடறப்போ யாருங்க பேசறாங்க?"

யோசித்தார். "எதிர்க்க விரிச்சு வெக்கற சீட்டுல எதைப் போடறதுன்னு வாயில சொல்லோணுமில்ல?"

"தொட்டுக் காட்டட்டும்."

"டைம் ஆகுமுங்ணா."

"ஆகும்."

பெயர் எழுதிக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார், நியாயமானது. ஆடுகிறவன் சீட்டைப் பார்த்திருக்கக்கூடாது. வேறு யாராவது அச்சடிக்க வேண்டும்.

சாயங்காலம் ரஹ்மத் போன் செய்தார். தானே மரக்கடை ஆசாரியிடம் தேக்குத் துண்டில் வளைவாக ஒரு காடிப்பள்ளம் எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். பதின்மூன்று சீட்டும் அதில் நிற்கும், ஒரு கை போதும். "அளவு சரியா இருக்குதான்னு சீட்டுக்கட்டு ஒண்ணு குடுத்தனுப்புங்ணா." அவ்வளவுதான் சொன்னார். பாயைப் போட்டிக்கு அனுப்பச் சம்மதம் என்று தனியாகச் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

மழை, விட்டு விட்டு. கரண்ட் போய் வந்தது.

சாந்தாமணி அச்சடித்தாள். அவளுக்கு ஏஸ் எது ராஜா எது என்று தெரியாது. கிளப்பில் இவளே போதும் என்றார்கள். நான் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, பட்டனை அமுத்தீட்டேன். என்னென்னமோ வந்திருச்சு."

"பிரிண்ட் குடு."

"இதுல ஒருத்தருக்குப் படமே இல்லீங்க. பாவமுங்க, மாத்தட்டுமா?"

"மாத்தாத. எதையும் சொல்லாத அம்மணி."

பிரிண்டர் ஓடும் சத்தம். அவள் தாளை உறையில் போட்டு ஒட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக இல்லை.

சட்டை இஸ்திரி. காருக்குக் காற்று.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். காற்று மட்டும் குளிர்ச்சி.

ஜமால் பாயைப் படியேற்ற இரண்டு பேர். ரஹ்மத் சுவரோரம் நாற்காலியில், மடியில் மாத்திரைப் பை. மரப்பலகையை மேஜையில் வைத்ததும் எதிராளிகள் ஆளுக்கொரு தடவை கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். தேக்குங்களா என்றார் ஒருவர். பாய் தலையாட்டினார்.

முதல் சில ஆட்டங்கள் மெதுவாகப் போயின, தப்பில்லாமல். பக்கத்து மேஜையில், "யாருங்க இந்தச் சீட்டைப் போட்டது? கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாட்ட இருக்குது!" சாந்தாவிடம் சொல்ல வேண்டும்.

திருப்பூர் ஜோடியோடு ஆடும்போது நடந்தது. பாய் கிளப் அட்டைக்குப் பதில் ஸ்பேடு வைத்துவிட்டார். கவனித்தபோது ஏலம் சுற்றி வந்துவிட்டது, திருப்ப முடியாது. நாலு ஸ்பேடு, படுதோல்வி. எதிராளி வாட்சைப் பார்த்தார், பிறகு பார்த்ததற்காக வெட்கப்பட்டுக் கையை மேஜைக்குக் கீழே போட்டார். பாயின் கழுத்து சிவந்திருந்தது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். ரஹ்மத்தும் நினைத்திருக்க வேண்டும், பாதி எழுந்து நின்றார்.

பாய் அடுத்த ஆட்டத்தின் சீட்டுகள் வைத்த போர்டை இடது கையால் தன் பக்கம் இழுத்தார்.

முடிவு: கடைசிக்கு ஒரு இடம் முன்னால். ராமநாதன் கை குலுக்க வந்து, வலது கையை நீட்டி, சுதாரித்து இடது கையைக் கொடுத்தார்.

காரில் பாய் முன் சீட்டில், ரஹ்மத் பின்னால். டவுன்ஹால் பக்கம் நெரிசல். பாய் டாஷ்போர்டைத் தட்டினார். ஏசி வேண்டுமா என்றேன். இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார்.

"டை..."

வண்டியை ஓரம் கட்டலாமா என்று பார்த்தேன்.

"டை... மன்."

புரியவில்லை. மறுபடி தட்டினார். "டைமன்!" பிறகு புரிந்தது. கடைசி ஆட்டத்தில் எதிராளி நோ டிரம்ப் ஆடினார், முதல் சீட்டு நான் இறக்க வேண்டும். நான் ஸ்பேடு இறக்கினேன். டயமண்டு இறக்கியிருக்க வேண்டுமாம்.

"அண்ணா" என்றார் ரஹ்மத் பின்னாலிருந்து. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "பேசறாருங்ணா."

"பேசலீங்கம்மா. திட்டறாரு."

"டைமன்."

"நீங்க எங்கீங்க டைமன் கேட்டீங்க? நீங்க பாஸ் வெச்சீங்க பாய். எனக்கு எப்படித் தெரியும்?"

"டைமன்! டைமன்!"

"கையில அஞ்சு ஸ்பேடு வெச்சுக்கிட்டு எவனாவது டைமன் இறக்குவானாங்க?"

பின்னால் ஹாரன். பச்சை விழுந்து நேரமாகியிருக்கிறது. எனக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு கியர் போட்டேன். கோட்டைமேடு வரும்வரை அவர் விடவில்லை. நானும் விடவில்லை.