நெக்லிஜிபிள் என்றால்

இன்று காலை மகளின் இயற்பியல் புத்தகத்தில் ‘நெக்லிஜிபிள்’ என்ற வார்த்தையைப் பார்த்தேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. உன் குரல் வந்துவிட்டது.

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு மெயில்களைப் படித்துச் சொல்வது என் வேலை. தூத்துக்குடியிலிருந்து வந்த நீ, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தாய். இருவருக்கும் இருபத்திரண்டு வயது. ஒரு டி-சர்ட் ஆர்டரில் காலரின் நிறம் உடம்புத் துணியோடு லேசாக ஒத்துப்போகவில்லை. ஆர்டர் கொடுத்திருந்த பையர் சாம்பிளைப் பார்த்து எழுதிய பதிலில் இந்த வார்த்தை இருந்தது. ‘நெக்லெக்ட்’ என்றால் புறக்கணிப்பது என்று எனக்குத் தெரியும். இதுவும் அந்த வகைதான் என்று நினைத்து, “ரிஜெக்ட் பண்ணிட்டாங்க சார்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தைத்து வைத்திருந்த எல்லாக் காலரையும் பிரிக்கச் சொன்னார்.

கொஞ்சம் பிரித்ததுமே நீ எழுந்து என்னிடம் வந்தாய்.

“அவன் எழுதுன வார்த்தை என்னட்டி?”

சொன்னேன்.

“அர்த்தம் ஒனக்குத் தெரியுமா, தெரியும்னு நெனைக்கியா?”

எனக்குக் கோபம் வந்தது. நீயோ சாப்பாட்டுப் பையிலிருந்து அட்டை கிழிந்த அகராதியை எடுத்து, விரலால் தேடி வாசித்தாய்: பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. அந்த நிற வித்தியாசம் பரவாயில்லை என்றுதான் பையர் எழுதியிருந்தார்!

“என்ற வேலையே போயிரும் புள்ள.”

“போனா ரெண்டு பேருக்கும் போகட்டும். வா.” கையைப் பிடித்து இழுத்துப் போனாய்.

மேனேஜர் மெயிலையும் அகராதியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, இதைக் காலையிலயே பாத்திருக்கக் கூடாதுங்களா?” என்றார். அவ்வளவுதான். பிரிப்பது நின்றது.

வார்த்தை மறக்கக் கூடாதென்று அந்த வாரம் முழுக்க எதற்கெடுத்தாலும் அதையே சொன்னாய். “ரசத்துல புளி நெக்லிஜிபிள்.” “மேனேஜர் தலையில முடி நெக்லிஜிபிள்.” செக்கிங் மேசையே சிரித்தது. பிறகு வாரம் ஒரு புது வார்த்தை. எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரியாம எப்படிட்டி தூக்கம் வரும்?” என்றாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது நானும் ஒரு மேனேஜர். போன மாதம் மீட்டிங்கில் ஒரு பையர் புதிதாக ஏதோ வார்த்தை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். “எனக்குத் தெரியவில்லை, அர்த்தம் என்ன?” என்று கேட்டேன். அவர் விளக்கத் தொடங்கியதும், தலையாட்டியவர்களெல்லாம் பேனாவை எடுத்தார்கள்.

தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமே இல்லை. அர்த்தம் பிடிபட்ட அந்த நொடியில்தான், ஓடிப் போய்ச் சொல்ல நீ இல்லை.