கெட்டியான வேலை

அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு,

நானும் நம் வாயாடி மகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீங்களாகச் சொல்லப்போவதில்லை, அதனால் நானே கேட்டு வைக்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். ஃபோனில் நான் வாயைத் திறந்தால், சரி சரி, நீயே பாத்துக்க என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே.

முதலில் நல்ல சேதி. மகள் நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டாள். ஏரி நடுவில் மிதக்கிற மரமேடை வரை போய்விட்டுத் திரும்பி வருகிறாள். அப்பா வேலையை முடித்துக்கொண்டு வந்ததும் படகு வாங்கப்போகிறார் என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறாள். படகுச் சங்கத் தலைவர் அவளைக் கண்டாலே, எங்கம்மா உன் கப்பல், இன்னும் வந்து சேரலயா என்று கேட்கிறார். சங்கத்தார் கலிங்கில் பலகை அடித்து, மிஞ்சின தண்ணீர் வழிந்து போகாமல் தேக்கியிருக்கிறார்கள். அப்போதுதான் படகுகள் துறை வரைக்கும் வருமாம். ஏரி ததும்பி நிற்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் நீங்கள் ஏன் இந்த வீட்டுக்கு அப்படி ஆசைப்பட்டீர்கள் என்று புரிகிறது.

போன விடுமுறையில் அணைக்கரை அடிவாரத்தில், நம் பின்கட்டில் ஊறிக்கொண்டிருந்த ஈரத்தை அடைத்துச் சிமெண்ட் போட்டு, அதன்மேல் துவைக்கிற கல்லையும் பதித்துவிட்டுப் போனீர்களே, அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். முன்பெல்லாம் துணி துவைக்கப் போனால் கணுக்கால் வரை சேறு. இப்போது ராணி மாதிரி நின்று துவைக்கிறேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

ஒன்றே ஒன்று. அந்தச் சிமெண்டுக்குச் சற்று மேலே, கரையின் சரிவில், புதிதாக ஒரு ஈரம் தெரிகிறது. பழைய இடத்தில் தண்ணீர் கண்ணாடியாக வரும். இது டீ நிறத்தில் வருகிறது. எலி வளையாக இருக்கும் என்கிறார் தையல்கார அக்கா. நீங்கள் வந்ததும் அதையும் ஒரு கை பாருங்கள். கூடவே சமையலறைப் படியையும். மூன்றாவது படியைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறின ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அரைப் படியில் கால் வைத்து இறங்கும் உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் படிக்காதீர்கள். அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அணையைச் சோதிக்க ஒரு இன்ஜினியரம்மா வந்திருந்தார். என்னைவிட வயது குறைவு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கரை முழுக்க நடந்துவிட்டு, நம் பின்கட்டுக்கு வந்து அந்தப் புது ஈரத்தைப் பார்த்ததும் குந்திவிட்டார். ஒரு கண்ணாடிக் குடுவையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, நம் சமையலறை ஜன்னலில் வைத்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் குடுவையின் அடியில் மண் படிந்துவிட்டது. மண் அணைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், தெளிவா வந்தா பயமில்ல, மண்ணையும் சேத்துக் கொண்டு வந்தா அணை உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் என்றார்.

பிறகு, இங்க யாராவது எதையாவது அடைச்சீங்களா என்று கேட்டார். தையல்கார அக்கா என் முகத்தைப் பார்த்தார். வீட்டை நமக்கு விற்றவர் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் மண் எந்தப் பக்கமாகப் போகிறது என்று தேடுகிறவரிடம் பொய் சொன்னால், அந்த அணைக்குக் கீழே படுப்பது நானும் என் மகளும்தானே. என் வீட்டுக்காரர்தான் அடைத்தார், அவர் மேஸ்திரி, நல்லது என்று நினைத்துச் செய்தார் என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கசிவை அடைக்கக் கூடாதாம். மணலும் ஜல்லியும் போட்டு, தண்ணீர் மட்டும் வெளியே வர வழி விட்டு, மண்ணை உள்ளேயே நிறுத்த வேண்டுமாம். வாயை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டு போகும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகுமாம். உங்களை மட்டும் சொல்லவில்லை அவர். கரையில் வளரவிட்ட மரங்களின் வேர், திருகினால் அசையாத மதகு, கலிங்கில் அடித்த பலகை எல்லாவற்றையும் சொன்னார். எங்கம்மா வயசத் தாண்டின அணை இது, யாருமே கவனிக்கல என்றார். குடிக்கவும் இல்லை, பாசனத்துக்கும் இல்லை, விளையாடத்தானே இந்த ஏரி என்று எல்லாரும் இருந்துவிட்டோம். நிறைந்து நிற்கும் தண்ணீருக்கு அது தெரியுமா?

பலகைகளை அன்றைக்கே பிடுங்கச் சொன்னார். மழைக்கு முன் அணையை முழுதாகப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரையை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். புதுப்பிக்கச் சங்கத்துக்கு வக்கில்லை. கூட்டம் போட்டார்கள். தலைவர் எழுந்து, ஒரு மேஸ்திரி சிமெண்ட் பூசினதுக்கு ஊர் ஏரியப் பலி கொடுக்கணுமா என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பலகை அடிச்சது எந்த மேஸ்திரிங்க என்று கேட்டுவிட்டேன். அதன்பின் அவர் உட்கார்ந்தார்.

அணையை வெட்டலாம் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உங்களைக் கேட்காமல் தூக்கினேன். நீங்கள் இத்தனை வருடம் வெயிலில் நின்று சம்பாதித்தது அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கினேன். வருத்தமாக இருக்கிறது. திரும்பக் கேட்டாலும் தூக்குவேன், அதற்கும் வருத்தமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் ஒரு ஃபோன் செய்யுங்கள். திட்டுவதற்காக இருந்தாலும் செய்யுங்கள்.

உங்கள் மனைவி


அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு,

ஃபோன் வரவில்லை. நான் அடித்தால் எடுக்கவும் இல்லை. உங்கள் தம்பி வந்திருந்தார். கம்பெனியில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொன்னார்கள், அண்ணன் சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார். அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பெனி சொன்னதா, நீங்கள் கேட்டு வாங்கினதா என்று நான் கேட்கவும் இல்லை.

ஏரி காலியாகிவிட்டது. மதகு கடைசி வரை அசையவில்லை. பம்பு வைத்து இறைத்துவிட்டு, நடுக்கரையை வெட்டினார்கள். இப்போது மாடியிலிருந்து பார்த்தால் சேறும், கவிழ்ந்த படகு ஒன்றும், யார் யாரோ தொலைத்த செருப்புகளும்தான். மரமேடை சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மகள் அது வரை நடந்தே போய், அதன்மேல் ஏறிச் சும்மா நின்றுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூங்கப் போகும்போதுதான், ஏரி இல்லைன்னுதான் அப்பா வரலயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்ப சிமெண்டுக்காகவா என்றாள். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. வெட்டின வழியாகத் தண்ணீர் ஓடையாக வந்து, நம் பின்கட்டைத் தொட்டுக்கொண்டு, தன்பாட்டில் போய்விட்டது. இன்ஜினியரம்மா ஃபோன் செய்து வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்தார். ஏரி நிறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அதை விடுங்கம்மா, நல்லாத் தூங்குங்க என்றார். தூங்கினேன். விடிந்ததும் துவைக்கிற கல் இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

அந்தச் சிமெண்டை உடைத்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. மழைக்கு முன் ஒரு நாள் காலையில் சம்மட்டியோடு ஆட்கள் வந்தார்கள். ஒரு மணி நேர வேலை என்றார்கள். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது மூலைதான் பெயர்ந்திருந்தது. சாயந்திரம் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு கெட்டியா யாரும்மா போட்டது, கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு என்றார். எங்க வீட்டுக்காரர் என்றேன். ஊரே நம்மைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் சேற்றில் நிற்கக்கூடாது என்று போட்டதல்லவா அது. அதில் ஒரு குறையும் இல்லை. இடம்தான் தப்பு.

துவைக்கிற கல்லை உடைக்கவிடவில்லை. கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போய் வைத்திருக்கிறேன், ஆடுகிறது. தலைவர் வந்து, நல்ல கொத்தனாராப் பார்த்து அனுப்பறேன், கல்லையும் பதிச்சு அந்தப் படியையும் முடிச்சிடலாம் என்றார். கூட்டத்தில் பேசினதற்குச் சமாதானமாகச் சொல்கிறார் என்று புரிந்தது. டீ கொடுத்து அனுப்பினேன். கொத்தனாரை மட்டும் அனுப்ப வேண்டாம் என்றேன்.

ஏரி இருந்த இடத்தில் புல் முளைக்க ஆரம்பித்திருக்கிறது. உட்கார்ந்து பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தனியாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. மூன்றாவது படி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. நானும் மகளும் பார்த்துத்தான் இறங்குகிறோம். வேறு எந்தக் கொத்தனார் கரண்டியும் அதன்மேல் படாது. கையெழுத்துப் போட்டதை அழித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் அதே அரைப் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி