அக்கா பூட்டிவிட்டுப் போன டைரி

என் அழுத்தக்கார அக்காவுக்கு,

நீ போனதற்கு அழுவேனா, உன் லேப்டாப்போடு மல்லுக்கட்டுவேனா? இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன்.

புருஷன் அடி தாங்காமல் நம் அரியாங்குப்பம் வீட்டுக்கு உன்னைத் தேடி வந்த பெண்களின் புது முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் அந்த டைரி மென்பொருளில் ஏற்றிவைத்தாய். சரி. பாஸ்வேர்டை யாரிடமாவது சொன்னாயா? நாலு எழுத்து போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "நாலெழுத்த கம்ப்யூட்டர் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கண்டுபுடிச்சிடும்டி. நீளமா ஒரு வாக்கியம் வெச்சாத்தான் நிக்கும்" என்றாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உன்னோடு அந்த வாக்கியமும் போய்விட்டது. அப்பா பெயர், நாம் வளர்த்த நாயின் பெயர் என்று எதைப் போட்டாலும் தவறு என்கிறது. எரிச்சல் வருமா வராதா?

உன் காரியம் முடிந்த கையோடு, உன்னிடம் அப்படி வந்தவர்களில் ஒருத்தியான தேவியின் புருஷன் வந்து நின்றான். தவளக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிநேகிதனையும் கூட்டி வந்திருந்தான். "எம் பொண்டாட்டி எங்க இருக்கான்னு இதுலதான வெச்சிருக்காங்க? தொறங்க." மறித்த என்னைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை எடுத்தான். நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

வெளியே கொண்டுபோக அவர்கள் விடாததால், சிநேகிதன் அங்கேயே டிஸ்கைக் கழற்றி, கையோடு கொண்டுவந்திருந்த தன் கணினியில் மாட்டிப் பார்த்தான். "மச்சான், எல்லாத்தையும் கலைச்சுப் பூட்டி வெச்சிருக்காங்க. பாஸ்வேர்ட் இல்லாம நம்ம ஆயுசுக்கும் தொறக்காது."

தேவியின் புருஷன் என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான். "உனக்குத் தெரியும். சொல்லு."

"தெரிஞ்சா நான் ஏன்யா இப்பிடித் தலைய பிச்சிக்கினு கெடக்கறேன்?" என்று கத்தினேன். என் ஆத்திரத்தைப் பார்த்துத்தான் நம்பினான். லேப்டாப்பைப் போட்டுவிட்டு, கதவை உதைத்துவிட்டுப் போனான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்தக் கை ஓங்கியபோது சொல்லியிருப்பேனோ? நீ சொல்லாமல் போனது மறதியா, வேண்டுமென்றேதானா?

ஆனால் அவன் தேடி அலைகிறான் என்று தேவியை எச்சரிக்க எனக்கு வழியில்லாமல் போனதே அக்கா! உன் போனில்கூட அவர்கள் நம்பர் ஒன்றையும் நீ வைக்கவில்லை. அவனைத் தடுத்த பூட்டு என்னையும்தானே வெளியே நிறுத்திவிட்டது?

போன வாரம் உன் போன் அடித்தது. "அக்கா, பாப்பாவ ஸ்கூல்ல சேத்துட்டேன்!" தேவியேதான். நான் உன் தங்கச்சி என்றேன். நீ இல்லை என்பதையும் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். புருஷன் வந்துபோன கதையையும் சொன்னேன். "என் அட்ரஸ் அதுல இருக்கேக்கா..."

"இருக்கட்டும்மா. அவனால தொறக்க முடியல. என்னாலயே முடியல."

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

இனி வருகிறவர்களுக்கு நான் இருக்கிறேன். உன்னுடையதைப் போலவே நீளமான வாக்கியம் போட்டுத்தான் பூட்டுவேன். ஆனால் அதை, இந்தப் பெண்களுக்காக வழக்காடும் வக்கீலம்மாவிடமும் சொல்லிவைப்பேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்தவள்
கல்யாணி