சிலுவை மரத்துக்குப் போட்ட சைபர்

ஆகஸ்ட் 4

மழை விட்டதும் மேல்சரிவுக்குப் போனேன். நாலு வருஷம் முன்பு ஊர்ப் பெண்கள் நட்ட பைன் கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. ஊரே கும்பிடும் பெரிய பைன், அந்தச் சிலுவை மரத்தைச் சுற்றி நிற்பவற்றில் மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் புல்லுருவி. ஒன்றிரண்டு இல்லை.

ஆகஸ்ட் 6

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தலைவர் ஹசிந்தோ தீர்ப்பே சொல்லிவிட்டார்: "நாத்துலயே நோய் இருந்திருக்கு. கிரெசென்சியோ பாக்காம தலையில கட்டிட்டான்." ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். நாற்றுப்பண்ணையைக் கிரெசென்சியோவிடமிருந்து பிடுங்கப் போகிறார்களாம். வெட்ட வேண்டிய மரத்தில் முத்திரை அடிக்கும் சுத்தியல் என்னிடம் இருப்பதால், என் பேச்சுதான் எடுபடுமாம். "நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், வேவா" என்றார் ஹசிந்தோ.

எந்த வார்த்தையை?

ஆகஸ்ட் 7

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இது நாற்றோடு வருகிற நோய் இல்லை. மேலே நிற்கும் பெரிய மரத்தில் புல்லுருவிக் காய் வெடித்து, விதை தெறித்து விழும். ஒட்டிக்கொண்டால் மூன்று நாலு வருஷம் பட்டைக்குள் பதுங்கிக் கிடந்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும். நாலு வருஷம் — சரியாக இருக்கிறது. நோய் மரங்களையெல்லாம் வெட்டச் சொல்லி அப்போது உத்தரவு வந்தது. சிலுவை மரத்தின் கீழ்க்கிளையில் நாலைந்து புல்லுருவிக் குருத்து பார்த்தேன். ஒடித்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். கணக்குத் தாளில் அந்த மரத்துக்கு நோய் அளவு சைபர் என்று எழுதினேன்.

ஏன்? மே மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாளில், ஊரே பூச்சுற்றிக் கும்பிடும் மரம். சுத்தியல் வாங்கிய முதல் பெண் நான். அப்போது வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "பொம்பள கையில குடுத்தா முதல்ல சிலுவ மரத்தத்தான் சாய்ப்பா" என்று ஹசிந்தோ சிரித்தது காதிலேயே இருந்தது. பக்தியெல்லாம் இல்லை. பயம்.

ஆகஸ்ட் 8

சோளம் அரைக்கும் மில்லில் தொமித்திலா பிடித்துக்கொண்டாள். கிரெசென்சியோவின் மனைவி, என் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள். "ரெண்டு நாளா சாப்பிடலடி அவரு. பழைய நாத்துத் தட்டையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு புலம்புறாரு. நீ சொல்லு, எங்க தப்பு?"

மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். சீ.

ஆகஸ்ட் 9

மரத்தடியில் நின்றேன். கன்னத்தில் சுள்ளென்று ஒன்று விழுந்தது. விதை. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. இன்னும் தெறித்துக்கொண்டுதான் இருக்கிறது, நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "நாத்து மேல தப்பு இல்ல. சிலுவ மரத்துல இருந்து வந்தது. நான் பாத்தேன். பாத்துட்டு மறைச்சேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தொமித்திலா குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "முந்தாநாள் மில்லுல என் மூஞ்சியப் பாத்துட்டுதானடி ஓடுன?"

ஹசிந்தோ சுத்தியலைக் கேட்டார். மேஜைமேல் வைத்தேன். நோய்க் கன்றுகளை நானே பிடுங்கி, நானே மறுபடி நட வேண்டும் என்று முடிவானது. கிரெசென்சியோ என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 13

சிலுவை மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். பெண்கள் அழுதார்கள். நானும்.

செப்டம்பர் 2

பிடுங்கி முடித்தாயிற்று. இன்று கிரெசென்சியோ புது நாற்று கொண்டுவந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் இறக்கி வைத்தார். ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு."

"என்கிட்ட சுத்தியல் இல்லண்ணே."

"கண்ணு இருக்குல்ல? பாரு. நாளைக்கு எவனும் ஒரு பேச்சு பேசக்கூடாது."

முந்நூறு நாற்று. ஒவ்வொன்றாகத் தண்டைத் திருப்பிப் பார்த்தேன். மதியம் தாண்டிவிட்டது. கடைசி நாற்று வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்றார்.