முழுக்கைச் சட்டை

அன்புள்ள தங்கைக்கு,

உன் பெரியவனுக்கு ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள், பால் கேட்டுக் குடித்தான் என்று நேற்று நீ சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது. போனில் பேசியவன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாயடைத்துப்போகிறது. வாயை விற்றே பிழைப்பான் என்று என்னைச் சொல்வார்கள். அந்த வாய் இதற்கு மட்டும் உதவவில்லை.

இங்கே எல்லாரும் நலம். கடையில் கண்ணாடி மாற்றியிருக்கிறேன். முடி வெட்ட உட்காருகிறவர்களை விட என் முகம்தான் அதில் பளிச்சென்று தெரிகிறது. உன் அண்ணி உன் பிள்ளைகளைப் பற்றிப் பேசாத வேளை இல்லை.

நேற்று நீ சொன்ன இன்னொன்றுதான் என்னை அறுக்கிறது. சின்னவளுக்காவது ஃப்ளூ ஊசி போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். நீ, "எங்க அண்ணன் பையனுக்குப் போடவே இல்ல, கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். இவனுக்கு வந்தது நம்ம நேரம்" என்று மறுத்துவிட்டாயாம். அதிலிருந்து அவர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்துக்கொண்டும் எனக்காக வாதாடிக்கொண்டிருக்கிறாய்.

என் பையனுக்குப் போட்டிருக்கிறதம்மா. போன வருஷமும் போட்டேன், இந்த வருஷமும் போட்டேன்.

கையில் கத்தரிக்கோல் இருந்தால் என் வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். கடையில் யாரோ இந்த ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தார். சளிக்கெல்லாம் ஊசியா, நாமெல்லாம் மூக்கு ஒழுகியே வளரவில்லையா என்று எடுத்துவிட்டேன். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடித்துப்போய்த் தினமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். உன் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "இருமுறவங்க மூஞ்சிக்கு நேரா நின்னுட்டு வந்துதான் புள்ளையத் தூக்குறீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாரும் வராத ஆஸ்பத்திரியாகப் பார்த்து அவனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கையில் நர்ஸ் ஒட்டிய பிளாஸ்திரியை அவன் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் நான்தான் முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டேன். அன்று வீடியோ காலில் அவனைப் பார்த்துவிட்டு, இந்த வெக்கையில் எதற்கண்ணா முழுக்கை என்று கேட்டாய். கொசு என்றேன். நீயும் நம்பி, பிள்ளையை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாய் என்றாய்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ஊருக்குச் செய்தாலே தலைகுனிய வேண்டிய காரியம். நீ என் கூடப்பிறந்தவள். வெட்கமாக இருக்கிறது. சவரம் செய்துகொள்ளக்கூட அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

ஊசி போட்டிருந்தாலும் பெரியவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஆறுதலை நீ வைத்துக்கொள், எனக்கு வேண்டாம். கடையில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

இதை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. அவர் என்னைத் திட்டினால் பரிந்து பேசாதே. அவர் சொன்னதுதான் சரி. டாக்டரைக் கேட்டு, அவர் சொல்கிற நாளில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு போ. அன்று அவளுக்குக் கையில்லாத சட்டை போட்டுவிடு. யாராவது என்னைப் போல வாயடித்தால், அவள் மாமன் மகனுக்கும் போட்டிருக்கிறது என்று சொல். நானே சொன்னதாகச் சொல்.

பிள்ளைகள் இருவரும் இருமல் இல்லாமல் தூங்கட்டும், நீயும் கொஞ்சம் கண்ணயர வேண்டும். பெரியவனுக்கு முடி காதை மூடியிருக்கும். அவன் என்னைத் தவிர வேறு யாரையும் தலையில் கை வைக்க விடமாட்டான். கத்தரிக்கோலை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நீ வா என்று சொன்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்